ஒரு ஆளுக்கு எவ்வளவு? மலையகத் தோட்டங்களில் உணவை அளக்கும் முறைகள்

ஒரு ஆள் ஆரோக்கியமாக இருக்க ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிட வேண்டும்? நுவரெலியா, ஹட்டன் பகுதித் தோட்டங்களில் இந்தக் கேள்விக்கு நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலர் பதில் சொல்லி வருகிறார்கள். முதலில் தோட்டங்களை நடத்திய துரைமார் சொன்னார்கள், பிறகு அரசு சொன்னது, அதன்பின் மருத்துவர்கள் சொன்னார்கள், இன்று போசாக்கு நிபுணர்கள் சொல்கிறார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணத்துக்காக அளந்ததால் பதில்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

இன்று இந்தக் கேள்விக்குப் புதிய அவசரம் வந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் 17.3 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 சதவீதம். மறுபக்கம், 2018-19இல் நடந்த தேசிய ஆய்வு ஒன்று இலங்கையின் வயது வந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அது முழு நாட்டின் கணக்கு. தோட்டங்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒரே லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) "பிள்ளைக்குக் கூடக் கொடுங்கள்" என்ற அறிவுரையும் "சோற்றைக் குறையுங்கள்" என்ற அறிவுரையும் சேர்ந்தே போகின்றன. இரண்டையும் கேட்கும் தாய் எதை வைத்து அளப்பாள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

கூலியாக வந்த அரிசி

தோட்டங்களில் உணவின் முதல் அளவு கணக்குப் பதிவேட்டில்தான் எழுதப்பட்டது. கோப்பிக் காலத்திலிருந்தே அரிசி கூலியோடு பிணைந்திருந்தது. தோட்டம் அரிசியை வாங்கிக் கொடுத்தது, சம்பளத்தில் அதன் விலையைக் கழித்தது. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளருக்கான குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அரிசி வழங்கலைக் கூலிக் கணக்கோடு சேர்த்தே பார்த்தது. இந்த அளவுக்கு அடிப்படை உடலின் தேவை அல்ல. ஆள் வேலைக்கு வர எவ்வளவு போதும் என்பதே அடிப்படை. மரக்கறியும் கீரையும் பாலும் இந்தக் கணக்கில் இடம்பெறவே இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியரிடம் வீழ்ந்ததும் அரிசி வரத்து சுருங்கியது. பங்கீடு வந்தது, அதோடு கோதுமை மாவும் தோட்டத்து அடுப்புக்கு வந்தது. காலை ரொட்டியும் சம்பலும் இவ்வளவு வேரூன்றியதில் அந்தக் காலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பங்கீட்டின் அலகு கொத்து. ஒரு கொத்து இரண்டு இறாத்தல், அதாவது ஏறத்தாழ 900 கிராம். அதில் கால் பங்கு ஒரு சுண்டு. 1966இல் டட்லி சேனாநாயக்க அரசு வாரத்துக்கு இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்து, அந்த ஒன்றை இலவசமாக்கியது. 1970 தேர்தலில் இரண்டாவது கொத்து பெரிய வாக்குறுதியாக எழுந்தது. 1973இல் உலகச் சந்தையில் விலை ஏறியபோது பங்கீடு மறுபடியும் வெட்டப்பட்டது. அடுத்த ஆண்டு தோட்டங்களில் மரண விகிதம் கூர்மையாக உயர்ந்தது. தோட்ட மக்களிடம் வயலும் இல்லை, வீட்டைச் சுற்றிப் போதிய நிலமும் இல்லை. வாங்கும் அளவு குறைந்தால் உண்ணும் அளவும் அன்றே குறைந்துவிடும்.

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. கொத்தும் சுண்டும் இன்றும் வீடுகளில் புழங்கும் உயிருள்ள அளவுகள். எந்தப் புதிய அளவும் இவற்றோடு பேசியாக வேண்டும். அதே நேரம், இவை பெரும்பாலும் அரிசியை அளக்கவே பயன்பட்டவை. "சாப்பாட்டு அளவு" என்றாலே "சோற்று அளவு" என்று மனம் போவதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆய்வுக்கூடத்தின் கணக்கு

உடலின் தேவையிலிருந்து அளவைத் தொடங்கும் முயற்சி நமக்குப் பக்கத்திலேயே, இன்னொரு தேயிலை மலையில் தொடங்கியது. நீலகிரியின் குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுப் பிரிவு பின்னர் போசாக்கு ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. அதன் இயக்குநராக இருந்த வாலஸ் அய்க்ராய்டு 1937இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணைகளை வெளியிட்டார். அதே காலத்தில் கொழும்பில் லூசியஸ் நிக்கல்ஸ் மந்த போசாக்கால் வரும் தோல் நோய்களையும் கண் நோய்களையும் ஆராய்ந்தார். வயிறு நிறைவதும் சத்து நிறைவதும் வேறு என்ற உண்மையை இவர்கள் தலைமுறை நிறுவியது. அது பெரிய முன்னேற்றம்.

இந்த முறையின் பலம் வேலையையும் கணக்கில் எடுப்பது. ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு வகுத்த இன்றைய கணக்கின்படி, ஓய்வு நிலையில் உடல் செலவிடும் ஆற்றலை உழைப்பின் அளவால் பெருக்க வேண்டும். அமர்ந்து வேலை செய்பவருக்குப் பெருக்கம் ஏறத்தாழ 1.5, நாள் முழுக்க உடலால் உழைப்பவருக்கு 1.9 அல்லது அதற்கு மேலும் போகலாம். 45 கிலோ எடையுள்ள பெண்ணின் ஓய்வு நிலைத் தேவையை 1,200 கலோரி என்று வைத்தால், முதல் கணக்கில் 1,800 வரும், இரண்டாவதில் 2,280 வரும். கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிப்பவரையும் தொழிற்சாலைக் காரியாலயத்தில் இருப்பவரையும் ஒரே சோற்று அளவால் அளக்க முடியாது என்பதற்கு இந்த 480 கலோரி வித்தியாசமே போதும்.

கலோரி மட்டும் கணக்கல்ல என்பதைக் காட்டியதும் இலங்கைத் தேயிலைத் தோட்டம்தான். ரெஜி எட்ஜர்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், இரத்தசோகையுள்ள தோட்டப் பெண்களுக்கு இரும்புச்சத்து கொடுத்தபோது அவர்கள் பறித்த கொழுந்தும் அன்றாட நடமாட்டமும் கூடின. சோறு போதுமானதாக இருந்தாலும் இரும்பு குறைந்தால் உழைப்பு தேயும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் சாயத்தண்ணி, மரக்கறியிலும் பருப்பிலும் உள்ள இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும் என்பதும் நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆகவே அளவோடு வேளையும் கேள்விக்குள் வருகிறது.

இம்முறையின் பலவீனம் வெளிப்படை. கிராமும் கலோரியும் தராசும் அட்டவணையும் உள்ளவரின் மொழி. அடுப்படியில் அவை வேலைக்கு ஆகாது.

பரிமாறல் எண்ணிக்கை

கிராமை வீட்டு அளவாக மாற்ற வந்ததே பரிமாறல் என்ற அலகு. இலங்கைச் சுகாதார அமைச்சு 2011இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒரு நாளைக்குத் தானியம் 6 முதல் 11, மரக்கறி 3 முதல் 5, பழம் 2 முதல் 3, மீன், இறைச்சி, முட்டை, பருப்பு 3 முதல் 4, பால் 1 முதல் 2 பரிமாறல் என்று வகுத்தது. சமைத்த சோறு அரைக் கப் என்றால் அது ஒரு பரிமாறல். பாண் ஒரு துண்டு என்றால் அதுவும் ஒன்று.

இதைத் தோட்டத்து அளவுக்கு மாற்றிப் பார்ப்பது பயன் தரும். அரைக் கப் சோற்றில் ஏறத்தாழ 100 கலோரி. ஒரு சுண்டு அரிசியில் ஏறத்தாழ 800. ஆகவே ஒரு சுண்டு அரிசி வெந்தால் எட்டு பரிமாறல் அளவுக்குச் சோறு கிடைக்கும். 450 கிராம் பாணில் கால் பகுதியைச் சாப்பிட்டால் கிட்டத்தட்ட நான்கு பரிமாறல் முடிந்துவிடும். 60 கிராம் மாவில் தட்டிய ஒரு ரொட்டி, அதில் சேரும் தேங்காயை விட்டுவிட்டாலும், சுமார் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வரும். காலையில் இரண்டு ரொட்டி, பகலிலும் இரவிலும் சோறு என்றால், வழிகாட்டியின் மேல் எல்லையைத் தொடுவது எளிது.

தேசிய அளவிலும் படம் இதுதான். ரணில் ஜயவர்தனவும் சக ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இலங்கையின் வயது வந்தோர் சராசரியாக நாளொன்றுக்கு 14 பரிமாறல் மாப்பொருள் உண்டார்கள். மரக்கறி இரண்டைத் தொடவில்லை, பழம் அரைப் பரிமாறலைக்கூட எட்டவில்லை. பழமும் மரக்கறியும் சேர்த்து ஐந்து பரிமாறலை எட்டியவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை.

இம்முறையின் பலம், குறையும் மிகையும் எந்த வகையில் என்று சுட்டிக்காட்டுவது. பலவீனங்கள் மூன்று. ஒன்று, 6 முதல் 11 என்ற அகன்ற எல்லைக்குள் யாருக்கு ஆறு, யாருக்குப் பதினொன்று என்பதை வீட்டிலுள்ளவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மேலே கண்ட 480 கலோரி ஏறத்தாழ ஐந்து பரிமாறல் சோறு. எல்லையின் முழு அகலமும் அவ்வளவுதான். இரண்டு, வழிகாட்டியின் ஒரு பரிமாறலும் மக்கள் ஒரு தடவை தட்டில் போடும் அளவும் வேறு வேறு. அமெரிக்காவில் 1992இன் உணவுக் கூம்பும் தானியத்துக்கு இதே 6-11 எண்ணிக்கையைத்தான் சொன்னது. இந்தக் குழப்பம் நீங்காததால் 2005இல் அந்நாடு பரிமாறலைக் கைவிட்டு கப், அவுன்ஸ் கணக்குக்கு மாறியது. மூன்று, குழம்பும் சம்பலும் கூட்டுக்கறியும் கலந்த நம் சாப்பாட்டில் எது எத்தனை பரிமாறல் என்று பிரிப்பது கடினம்.

கண்ணும் கையும்

எண்ணத் தெரிந்தாலும் அளக்கத் தெரிய வேண்டும். நேற்றுச் சாப்பிட்டதை நினைவிலிருந்து சொல்லும்போது, சிறிய அளவைக் கூட்டியும் பெரிய அளவைக் குறைத்தும் சொல்வது மனித இயல்பு என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் கண்டிருக்கின்றன. குறையாக உண்பவர் போதுமாக உண்பதாகவும், மிகையாக உண்பவர் அளவாக உண்பதாகவும் பதிவாகும் ஆபத்து இதில் உண்டு. தோட்டத்தில் இரண்டு பிரச்சினைகளும் பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களில் இருப்பதால் இந்தப் பிழை சாதாரணமானதல்ல.

இதைச் சரிசெய்ய இலங்கையில் நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. தரங்க தொரதெனியவும் சக ஆய்வாளர்களும் ஆசிய உணவுகளுக்கு ஏற்ற அளவுத் துணைக்கருவிகளைச் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். 2017இல் இலங்கையருக்கான உணவுப் பட அட்டவணை ஒன்று உருவானது. ஒரே உணவின் சிறிய, பெரிய அளவுகளைப் படமாகக் காட்டி, நீங்கள் சாப்பிட்டது எது என்று கேட்கும் முறை அது. ஆய்வாளருக்கு இது மிகவும் உதவும். வீட்டில் பயன்படுத்தவோ, படத்திலுள்ள தட்டும் கரண்டியும் வீட்டிலுள்ளவையாக இருந்தால்தான் பலன்.

கையையே அளவாகக் கொள்ளும் முறைக்கு அந்தத் தடை இல்லை. ஜிம்பாப்வேயில் நீரிழிவாளருக்காகப் பிரபலமான இம்முறையில், மூடிய கைமுட்டி அளவு மாப்பொருள், உள்ளங்கை அளவு மீனோ இறைச்சியோ, இரண்டு கையும் கொள்ளும் மரக்கறி என்று கணக்கு. காசு வேண்டாம், எழுத்தறிவு வேண்டாம். சிறிய உடலுக்குச் சிறிய கை என்ற பொருத்தமும் ஓரளவு உண்டு. ஆனால் கைக்கு வேலையின் கடுமை தெரியாது. கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையும் ஓய்வு பெற்ற அவள் தாயின் கையும் ஒரே அளவாக இருக்கலாம், தேவை ஒன்றல்ல. வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு இம்முறையை அப்படியே சொல்வதும் சரியாக இருக்காது.

தட்டின் விகிதம், வகைகளின் எண்ணிக்கை

அளவை விட்டு விகிதத்தைப் பிடிப்போம் என்பது இன்னொரு நிலைப்பாடு. அரைத்தட்டு மரக்கறியும் பழமும், கால்தட்டு தானியம், கால்தட்டு பருப்போ மீனோ முட்டையோ என்ற படம் 2011க்குப் பின் உலகெங்கும் பரவியது. 2024இல் இந்தியாவின் தேசிய போசாக்கு நிறுவனம் 2,000 கலோரி உணவுக்கு 250 கிராம் தானியமும் 400 கிராம் மரக்கறியும் என்று வகுத்ததும் ஏறக்குறைய இதே திசையில்தான்.

நினைவில் வைக்க இதைவிட எளிதான வழி இல்லை. இதன் சிக்கல் காசு. உலக சுகாதார நிறுவனம் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் பழமும் மரக்கறியும் என்கிறது. வயது வந்த ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது நாளுக்கு 2 கிலோ. நுவரெலியாவின் கரட்டும் லீக்ஸும் கோவாவும் தோட்டத்துக்கு எதிர்ச் சரிவிலேயே விளைந்தாலும், அவை நாட்டின் சந்தை விலைக்குத்தான் கிடைக்கும். 2019இல் நாட்டின் வறுமை வீதம் 14.3 சதவீதமாக இருந்தபோது தோட்டப்புறத்தில் அது 33.8 சதவீதம். அரைத்தட்டு மரக்கறி என்பது இந்த வீடுகளுக்கு அறிவுரையாக மட்டும் போய்ச் சேர்ந்தால் பயனில்லை.

வகைகளை எண்ணும் முறை இதைவிட அடக்கமானது. உலக உணவு விவசாய அமைப்பின் முறையில், ஒரு பெண் முந்தைய நாள் பத்து உணவு வகைகளில் குறைந்தது ஐந்தை உண்டாரா என்று மட்டும் கேட்கப்படும். ஒரு வகை குறைந்தது 15 கிராம் இருந்தால் கணக்கில் சேரும். ரொட்டி, பருப்பு, கீரை, நெத்தலிக் கருவாடு என்று எண்ணினால் நான்கு வந்துவிடும். ஒரு முட்டையோ ஒரு துண்டு பப்பாளியோ ஐந்தாவது. தோட்ட வீட்டுக்கு எட்டக்கூடிய இலக்கு இது. எனினும் இது ஒரு சமூகக் குழுவை மதிப்பிட வந்த கருவி. தனியாள் போதுமாக உண்டாரா என்று இதைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. சீனியும் உப்பும் எண்ணெயும் மிகுவதையும் இது காட்டாது. நாளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு இரண்டு தேக்கரண்டி சீனியோடு தேநீர் குடிப்பவர் பத்துத் தேக்கரண்டியைத் தொடுகிறார். உலக சுகாதார நிறுவனம் கூடுதல் நன்மைக்காகச் சொல்லும் கடுமையான எல்லை சுமார் ஆறு.

பானையிலிருந்து தட்டுக்கு

மேலே கண்ட முறைகள் எல்லாம் ஒரு எடுகோளைப் பகிர்கின்றன: தட்டு தனியாளுடையது, அதில் என்ன விழும் என்பதை அவரே முடிவு செய்கிறார். ஆனால் லயத்து வீட்டில் அளக்கப்படுவது பானை. மூன்று சுண்டு அரிசி வைத்தால் 24 பரிமாறல். ஐந்து பேருக்குச் சமமாகப் பிரித்தால் தலைக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவு. சமமாகப் பிரிவதில்லை என்பதுதான் பிரச்சினை. பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் போட்டபின் மிச்சத்தைச் சமைத்தவள் உண்பது நம் சமூகங்களில் பரவலான வழக்கம். சோறு எப்படியாவது எட்டினாலும், மீன் துண்டும் கெட்டிப் பருப்பும் அவளை எட்டுவது அரிது. வீட்டுச் செலவு அளவீடுகள் வீட்டுக்குள் வந்த மொத்த உணவையே காட்டுகின்றன. உள்ளே நடக்கும் பங்கீடு அவற்றில் தெரியாது.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் திரிபோஷா. 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் அரசு இலவசமாகக் கொடுத்துவரும் இந்தச் சத்துமா, நாளுக்கு 50 கிராம் என்ற கணக்கில் மாதத்துக்கு இரண்டு 750 கிராம் பொதிகளாக வருகிறது. ஒருவருக்கென்று வந்த பொதியை வீட்டில் ஐந்து பேர் உண்டால் ஆளுக்குப் பத்து கிராம். குடும்பநல மாது தன் பதிவேட்டில் எழுதும் அளவு சரிதான். தாயின் உடலுக்குப் போகும் அளவு அதில் ஐந்தில் ஒன்று. பசித்த பிள்ளைகளுக்கு நடுவே தனக்கு மட்டும் உருண்டை பிடித்து உண்ணாத தாயைக் குறை சொல்வது நியாயமில்லை. ஒரு ஆளுக்கான அளவைக் குடும்பத்துக்குள் அனுப்பும் திட்டம் குடும்பத்தின் பசியையும் கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

பிள்ளை மடுவங்கள், அதாவது தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள், இந்த இடத்தில் கவனத்துக்குரியவை. அங்கே உண்ணும் பிள்ளையின் உணவு பிள்ளையின் வாய்க்கே போகிறது. அளவு, பரிமாறுபவர், உண்பவர் மூன்றையும் ஒரே இடத்தில் பார்க்கக்கூடிய அமைப்பு தோட்டத்தில் ஏற்கெனவே உண்டு. கர்ப்பிணிகளுக்கும் வேலைத்தலத்திலோ நிலையத்திலோ அப்படி ஒரு வேளை உணவு தருவது பொதியைவிடப் பலன் தரக்கூடும். செலவும் நடைமுறையும் ஆராயப்பட வேண்டியவை.

மதிப்பீடு

எந்த ஒரு முறையும் தனியே போதாது. ஆய்வுக்கூடக் கணக்கு வேலையின் கடுமையைக் காட்டுகிறது, ஆனால் அடுப்படிக்கு எட்டாது. பரிமாறல் எண்ணிக்கை சோற்றின் மிகையை அம்பலப்படுத்துகிறது, ஆனால் யாருக்கு எத்தனை என்று சொல்லாது. கை முறை மலிவானது, உழைப்பை அறியாது. தட்டு முறை தெளிவானது, காசைப் பேசாது. வகை எண்ணிக்கை எட்டக்கூடியது, அளவைச் சொல்லாது.

திறந்திருக்கும் கேள்விகள் மூன்று. தோட்டத்தின் பல வகை வேலைகளுக்கும் ஏற்பத் தனித்தனி சோற்று அளவு பரிந்துரைக்கலாமா, அல்லது அது வீட்டில் குழப்பத்தைத்தான் கூட்டுமா? குன்றிய பிள்ளையும் நீரிழிவுள்ள பாட்டியும் ஒரே பானையில் உண்ணும் வீட்டுக்கு ஒரே அறிவுரை எழுத முடியுமா? தொழிலை விட்டு நகரத்துக்குப் போகும் இளைஞர்கள் உழைப்பைக் குறைத்துப் பழைய அளவையே உண்டால் அடுத்த இருபது ஆண்டில் என்ன ஆகும்?

இவற்றுக்குப் பதில் வரும்வரை, கையில் உள்ள சான்றுகள் தாங்கக்கூடிய முடிவு இவ்வளவே: வழிகாட்டிகள் தோட்டத்துக்கு வரும்போது சுண்டிலும் அந்த வீட்டுக் கரண்டியிலும் பேச வேண்டும், அரிசியைக் குறைக்கச் சொல்லுமுன் அந்த இடத்தைப் பருப்பும் முட்டையும் கீரையும் நிரப்ப வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மருந்து வாங்க வரும் பெண்ணிடம் வீட்டில் என்ன சமைத்தீர்கள் என்று கேட்பதோடு நிற்காமல், நீங்கள் எத்தனையாவதாகச் சாப்பிட்டீர்கள், அப்போது கறியில் என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும். தோட்டத்து உணவை அடுத்து அளக்க வரும் ஆய்வாளர்களுக்கும் இதே வேண்டுகோள்: வீட்டின் மொத்தத்தை எழுதிக்கொண்டு திரும்பாமல், கடைசியாகச் சாப்பிடுபவரின் உணவைத் தனியே நிறுத்துப் பதிவு செய்யுங்கள்.